செம்முருடு: தன்னைத் தாக்கும் காப்பாற்றலும் அதனை ஆளும் முறையும்

செம்முருடு என்பது, உடலை அயலுயிர்களினின்று காக்க அமைந்த காப்பாற்றல், அவ்வுடலின் உயிரணுக்களுக்குள் உறையும் உட்கருப் பொருள்களையே அயற்பொருளாகக் கொண்டு, அவற்றை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை ஆக்கி, அவற்றின் வினையால் தோல், மூட்டு, சிறுநீரகம், குருதி, நரம்பு முதலிய பல உறுப்புகளில் அழற்சியை விளைக்கும் நெடுநாள் நோயாகும். மருத்துவமனைச் சீட்டில் லூப்பசு என்றோ எசு.எல்.இ. என்றோ எழுதப்படுவது இதுவே. இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று, புற்றுநோயும் அன்று, நோயாளர் செய்த எந்தப் பிழையாலும் வந்ததன்று. எழுவதும் தணிவதும் இதன் இயல்பு. எழும் நிலையைக் கிளர்வு என்றும், அடங்கிய நிலையைத் தணிவு என்றும் இக்கட்டுரை வழங்கும். நோய் உறுதியான நாளில் எவரும் கேட்கும் முதல் வினா, இது முற்றிலும் தீருமா என்பதே. வேரோடு களையும் மருந்து இன்றுவரை பொதுவழக்குக்கு வரவில்லை. எனினும் தணிவு எட்டத்தக்கது, எட்டிய தணிவு காக்கத்தக்கது. எதனால் இந்நோய் இயங்குகிறது என்பதை அறிந்தவருக்கு, எந்த மாத்திரையை ஏன் விடக்கூடாது, எந்த ஆய்வை ஏன் தள்ளிப்போடக்கூடாது என்பன தாமே விளங்கும். ஆகவே வகையும் இயங்குமுறையும் முதற்கண் கூறப்படுகின்றன.

செம்முருடு நால்வகைப்படும். தோலளவில் நிற்பது தோற்செம்முருடு. குறித்த சில மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதால் தோன்றி, அவற்றை நிறுத்தியபின் அடங்குவது மருந்துவழிச் செம்முருடு. குருதியழுத்தத்துக்குத் தரப்படும் ஐட்ராலசின், நெஞ்சத்துடிப்புக் கோளாற்றுக்குத் தரப்படும் புரோக்கெய்னமைடு, எலும்புருக்கி நோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிடு ஆகியன இதற்குப் பெயர்பெற்றவை. தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியே சேயை அடைவதால் தோன்றுவது பிறப்புச் செம்முருடு. நான்காவதும் தலையாயதும் பல்லுறுப்புச் செம்முருடு; இக்கட்டுரையின் பொருள் அதுவே. நெடுங்காலம் இது தோல்நோய் என்றே கருதப்பட்டது. உள்ளுறுப்புகளையும் இது தாக்கும் என்பதை 1872இல் வியன்னாவின் மோரிட்சு கப்போசி எடுத்துரைத்தார்.

இனி இயங்குமுறை. மாந்த உடலில் நாள்தோறும் எண்ணற்ற உயிரணுக்கள் இறக்கின்றன. அவ்விறப்பு ஒழுங்குடையது: இறக்கும் உயிரணு தன்னைச் சிறுசிறு உறைகளாகப் பகுத்துக்கொள்ள, அருகிலுள்ள விழுங்கணுக்கள் அவ்வுறைகளை உடனுக்குடன் உட்கொண்டு செரித்துவிடுகின்றன. உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வும் அதனைச் சூழ்ந்த புரதங்களும் காப்பாற்றலின் பார்வைக்கு வராமலே மறைந்துவிடுகின்றன. செம்முருட்டில் இவ்வகற்றல் தாழ்கிறது. அகற்றப்படாத எச்சங்கள் சிதைய, உள்ளடங்கியிருந்த மரபுப்பொருள் வெளிப்படுகிறது. நச்சுயிரிகள் உடலுட் புகுமாயின் அவற்றின் மரபுப்பொருளைக் கண்டுணர்வதற்கென்றே சில உயிரணுக்களில் உணரிகள் அமைந்துள்ளன. அவ்வுணரிகள் தன்னுடலின் எச்சத்தையே நச்சுயிரியின் பொருளாகக் கொண்டு விழித்தெழுகின்றன. இன்டர்பெரான் என்னும் செய்திப்புரதம் பெருகுகிறது. நச்சுயிரி ஒன்றும் இல்லாமலே நச்சுயிரித் தொற்றுக்குரிய எழுச்சி உடல் முழுதும் தொடங்குகிறது. செம்முருட்டு நோயாளரின் சோர்வும் உடல்வலியும் காய்ச்சலும் சளிக்காய்ச்சலின் தொடக்க நாள்களை ஒத்திருப்பது தற்செயலன்று. இரண்டிலும் இயங்குவது ஒரே செய்திப்புரதம்.

இன்டர்பெரானால் தூண்டப்பட்ட, பி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் உட்கருப் பொருள்களை எதிர்க்கும் தன்னெதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. எதிர்ப்பொருளும் எச்சமும் பிணைந்து கூட்டுத்திரள்கள் ஆகின்றன. இத்திரள்கள் குருதியோடு சுழன்று, அழுத்தத்தோடு குருதி வடிகட்டப்படும் சிறுநீரக முடிச்சுகளிலும், தோலிலும், மூட்டுகளின் உறையிலும் படிகின்றன. படிந்த இடத்தில், குருதியிலுள்ள காப்புப் புரதங்களாகிய நிரப்புப் புரதங்கள் கிளர்ந்து அழற்சியை மூட்டுகின்றன. அழற்சியால் மேலும் உயிரணுக்கள் இறக்கின்றன. இறந்தவற்றின் எச்சம் மேலும் பெருகுகிறது. வட்டம் இவ்வாறு நிறைவுறுகிறது. இங்கு நிரப்புப் புரதங்களின் இரட்டைப் பணி கருதத்தக்கது. அவையே படிந்த இடத்தில் அழற்சியை மூட்டுகின்றன. அவையே இறந்த உயிரணுக்களுக்கு அடையாளம் இட்டு அவற்றை விழுங்கணுக்களிடம் ஒப்படைக்கவும் செய்கின்றன. அவற்றுள் முதலாவதான சி1கியூ பிறவியிலேயே இல்லாதவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குச் செம்முருடு தோன்றுகிறது. அழற்சியை மூட்டும் பொருள் இல்லாதவருக்கே அழற்சிநோய் மிகுதி என்னும் இவ்வுண்மை, நோயின் வேர் அகற்றல் தாழ்ச்சியில் இருப்பதை வேறெந்தச் சான்றினும் தெளிவாகக் காட்டுகிறது.

இந்நோயாளருள் பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். அவர்களுள்ளும் பூப்புக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்துக்கும் இடைப்பட்ட அகவையினரே மிகப் பலர். இதற்கு ஒரு காரணம் உண்டு: மேற்கூறிய உணரிகளுள் ஆர்.என்.ஏ.வை உணரும் டி.எல்.ஆர்.7 என்பதன் மரபணு எக்சு நிறப்புரியில் உள்ளது. பெண்ணுக்கு இரண்டு எக்சு நிறப்புரிகள் இருப்பினும், ஒவ்வோர் உயிரணுவிலும் ஒன்று அடக்கிவைக்கப்படுகிறது. ஆனால் இம்மரபணு சில உயிரணுக்களில் அவ்வடக்கத்துக்குத் தப்புவதால், அதன் இரு படிகளும் இயங்குகின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இளம் அகவையிலேயே இந்நோய் கண்ட எசுப்பானியச் சிறுமி ஒருத்தியிடம் இதே மரபணுவில் ஒற்றை எழுத்து மாறியிருந்ததையும், அம்மாற்றத்தை எலிகளில் புகுத்தியபோது அவற்றுக்கும் செம்முருட்டை ஒத்த நோய் தோன்றியதையும் காட்டியது. இத்தகைய ஒற்றை மரபணுப் பிறழ்வு அரிது. பெரும்பாலோரிடம் சிறுசிறு ஊக்கம் தரும் பல மரபணுக்கள் கூடி நிற்க, கதிரவனின் புற ஊதாக் கதிரோ, தொற்றோ, புகைப்பழக்கமோ, பெண்மை இயக்குநீரோ நோயைக் கிளப்புகிறது. ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருந்தாலும் மற்றவருக்கு வராமலிருப்பதே மிகுதி. தாயின் நோய் மகளுக்கு வந்தே தீரும் என்று அஞ்சுவோர் இதனை உளங்கொள்ள வேண்டும்.

நோய் வெளிப்படுமுன் நெடிய அமைதிக்காலம் ஒன்று உண்டு. அமெரிக்கப் படைவீரர்களிடமிருந்து வழமையாக எடுத்துச் சேமித்த குருதிநீரை, பின்னாளில் செம்முருடு கண்ட 130 பேர் அளவில் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். நோய் உறுதியாகுமுன்னரே அவர்களுள் 115 பேரின் குருதியில் தன்னெதிர்ப்பொருள் ஒன்றேனும் இருந்தது. சிலரிடம் அது ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே தோன்றியிருந்தது. சென்ற திங்கள் பட்ட வெயிலையோ, சென்ற ஆண்டு அடைந்த துயரையோ தன் நோய்க்கு முழு வேராகக் கொண்டு உள்ளம் வருந்துவோர் பலர். வேர் அதனினும் ஆழமானது. அதனைத் தடுத்திருக்க அவர்களால் இயன்றிராது.

நோயறியும் முறைக்கு வருவோம். 1948இல் மேயோ மருத்துவமனையின் மால்கம் ஆர்கிரேவ்சு, நோயாளரின் எலும்புமச்சையை நுண்ணோக்கியில் காணும்போது, பிறிதோர் உயிரணுவின் உட்கருவை முழுதாக விழுங்கிய வெள்ளணுக்களைக் கண்டார். உட்கருவை எதிர்க்கும் பொருள் ஒன்று குருதியில் உண்டு என்னும் அறிவு அங்கிருந்து வளர்ந்தது. இன்று செய்யப்படும் உட்கரு எதிர்ப்பொருள் ஆய்வு அதன் வழித்தோன்றல். மாந்த உயிரணுக்கள் பதித்த கண்ணாடித் தகட்டின்மீது, நோயாளரின் குருதிநீர் நீர்க்கச்செய்து ஊற்றப்படுகிறது. பின்னர் அதனைக் கழுவி, ஒளிரும் சாயம் பிணைத்த மற்றோர் எதிர்ப்பொருள் சேர்க்கப்படுகிறது. உட்கருவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால், இருண்ட களத்தில் உட்கருக்கள் மட்டும் பச்சையாக ஒளிர்கின்றன. சிலரிடம் அவ்வொளி சீராகப் பரவியும், சிலரிடம் புள்ளிபுள்ளியாகவும் அமைந்து, எந்தப் பொருளை எதிர்த்து அவ்வெதிர்ப்பொருள் எழுந்தது என்பதற்குக் குறிப்பும் தருகிறது.

இவ்வாய்வு செம்முருட்டு நோயாளருள் ஏறத்தாழ அனைவரிடமும் நேர்முடிவு தரும். ஆனால் நேர்முடிவு பெற்றவர் அனைவரும் நோயாளர் அல்லர். நலமுடைய மாந்தரிலும், அதிலும் பெண்களிலும் முதியோரிலும், குறைந்த அளவில் இது காணப்படும். இந்த வேறுபாடு அறியாமல் ஒற்றை ஆய்வுத்தாளைக் கையில் வைத்து உறக்கம் இழந்தோர் பலர் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் அமைப்புகள் இணைந்து வகுத்த வரையறையும் இவ்வாய்வை வாயிலாக மட்டுமே கொள்கிறது. 1:80 என்னும் நீர்ப்பில் நேர்முடிவு இருந்தால் வாயில் திறக்கும். அதன்பின் காய்ச்சல், குருதியணுக் குறைவு, தோல், மூட்டு, சிறுநீரகம், நரம்பு முதலியவற்றின் குறிகளுக்கும் பிற ஆய்வுகளுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை பத்தை எட்டினால் செம்முருடு என வகைப்படுத்தப்படும். கன்னங்களிலும் மூக்கின் மேட்டிலும் பரவும் செம்மையைப் பார்க்கும் மருத்துவர், மூக்கின் இருபுறமும் வாயோரம் இறங்கும் மடிப்புகளை உற்று நோக்குவார். அம்மடிப்புகளுள் செம்மை படராதிருப்பது செம்முருட்டின் அடையாளம்.

நோய் உறுதியானபின் எழும் ஆய்வுகள் வேறு நோக்கமுடையவை. ஈரிழை டி.என்.ஏ.வை எதிர்க்கும் பொருள் எவ்வளவு உள்ளது, நிரப்புப் புரதங்களாகிய சி3, சி4 எவ்வளவு குறைந்துள்ளன என்பவை நோயின் எழுச்சியைக் காட்டும். குதிரில் நெல் வழக்கத்தினும் விரைந்து குறைந்தால் வீட்டில் உண்போர் பெருகினர் எனக் கணிப்பதுபோல, குருதியில் இப்புரதங்கள் குறைந்தால் எங்கோ அவை செலவாகின்றன எனக் கொள்ளலாம். அந்த எங்கோ என்பது பெரும்பாலும் சிறுநீரகம்.

சிறுநீரகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டியுள்ளது. ஏனெனில் மூட்டு நொந்தால் நோயாளர் உணர்வார். தோல் சிவந்தால் ஊரே காணும். சிறுநீரகமோ வலியின்றியே அழியும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலக்கம் வடிமுடிச்சுகள் உள்ளன. கூட்டுத்திரள்கள் அவற்றில் படியும்போது வடிசுவர் கிழிந்து, குருதியில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசிகிறது. பல்லுறுப்புச் செம்முருடு உடையோருள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் எப்போதேனும் சிறுநீரக அழற்சி நேர்கிறது. அதிலும் நோய் கண்ட முதற் சில ஆண்டுகளிலேயே மிகுதி. சிறுநீர் கழித்தபின் நீங்காது நிற்கும் நுரை, காலையில் இமைகளில் வீக்கம், மாலையில் கணுக்கால்களில் வீக்கம், இளையோரிடம் காணும் உயர்ந்த குருதியழுத்தம் ஆகியன இதன் குறிகள். ஆனால் இக்குறிகள் தோன்றும்வரை காத்திருப்பது பெரும்பிழை. காலையில் எடுத்த சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள வீதத்தைக் கண்டறியும் எளிய ஆய்வு, குறி தோன்றுமுன்னரே கசிவைக் காட்டிவிடும். நாளொன்றுக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் கசிந்தால், ஊசி செலுத்திச் சிறுநீரகத் திசுவின் மெல்லிய துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். அத்துணுக்கு ஆறு வகுப்புகளுள் எதில் அடங்குகிறது என்பதே மருந்தின் கடுமையை முடிவுசெய்கிறது. துணுக்காய்வு என்றதும் அஞ்சிப் பின்வாங்குவோர் உண்டு. ஆயினும் கண்ணால் காணாமல் கடுமருந்து தருவதினும், கடுமருந்து வேண்டிய இடத்தில் தராமல் விடுவதினும் துணுக்காய்வின் இடர் மிகச் சிறிது.

செம்முருட்டுக்குச் செய்யப்படும் ஆய்வுகளுள் விலையில் மிகக் குறைந்தது சிறுநீராய்வு. பயனில் அதற்கு இணையானது எதுவும் இல்லை என்பது என் துணிபு. நோய் தணிந்திருக்கும் காலத்திலும் மூன்று முதல் ஆறு திங்களுக்கு ஒருமுறை அது செய்யப்படவேண்டும். நலமாக உணர்கிறேன், இம்முறை ஆய்வு எதற்கு என்று தோன்றும் நாளே அதனைச் செய்யவேண்டிய நாள்.

மருந்துகளுள் அடிப்படையானது ஐட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாக் காய்ச்சலுக்கென ஆக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த இம்மருந்துக்கு 1955இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. மேலே கூறிய உணரிகள் இயங்கும் உயிரணு உள்ளறைகளின் புளிப்புத்தன்மையை இது மாற்றுகிறது, உணரிகள் தணிகின்றன, இன்டர்பெரான் குறைகிறது. காப்பாற்றலை முழுதும் அடக்காமல், பிழையான அழைப்பை மட்டும் மங்கச்செய்வதால் இதனை உண்போருக்குத் தொற்று மிகுவதில்லை. கிளர்வுகள் குறைவதும், சிறுநீரகம் காக்கப்படுவதும், குருதிக்கட்டிகள் அரிதாவதும், வாழ்நாள் நீள்வதும் இம்மருந்தைத் தொடர்ந்து உண்போரிடம் காணப்பட்டுள்ளன. இதன் முழுப்பயன் வெளிப்பட மூன்று முதல் ஆறு திங்கள் ஆகும். முதல் திங்களில் மாற்றம் ஒன்றும் காணாமல் நிறுத்திவிடுவோரும், தணிவு வந்தபின் இனித் தேவையில்லை என நிறுத்திவிடுவோரும் ஒரே இழப்பை அடைகின்றனர்: நிறுத்தியபின் கிளர்வு மீள்வது மிகுதி.

இம்மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாதிருத்தல் நெறி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம் எல்லையாகும். மாத்திரையோ பெரும்பாலும் 200 மில்லிகிராமாகக் கிடைப்பதால், ஒருநாள் ஒன்றும் மறுநாள் இரண்டுமாக உண்ணச் சொல்வது உண்டு. சீட்டில் அவ்வாறு எழுதியிருந்தால் அது பிழையன்று, கணக்கு. எல்லை மீறினாலும், பல்லாண்டு உண்டாலும், சிறுநீரகம் நலிந்திருந்தாலும் இது விழித்திரையின் நடுப்பகுதியை ஊறுபடுத்தக்கூடும். அவ்வூறு மீளாதது, ஆனால் பார்வையில் குறை தோன்றுமுன்னரே கருவிக்குப் புலப்படுவது. ஆகவே மருந்து தொடங்கிய முதலாண்டிலேயே கண்மருத்துவரிடம் ஓர் ஆய்வும், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் ஆய்வும் வேண்டும். கண் கெடும் என்று கேள்வியுற்று மருந்தையே விடுவது அறிவன்று. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைக் காட்டி மருந்தைத் தொடர்வதே அறிவு.

அடுத்தது பிரெட்னிசோலோன் முதலிய புறணி இயக்குநீர் மருந்துகள். மக்கள் வழக்கில் இசுட்டீராய்டு. இவற்றின் வரவுதான் இந்நோயின் முடிவையே மாற்றியது. 1955இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கில், நோய் உறுதியாகி நான்காண்டு கடந்து உயிர்வாழ்ந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே. இன்று நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல். எழுந்த நெருப்பை நாள்களில் அடக்கவல்லது இம்மருந்து. ஆனால் நெடுநாள் மிகுந்த அளவில் உண்டால் எலும்பு நலியும், நீரிழிவு தோன்றும், கண்புரை படரும், முகம் பருக்கும், தொற்று எளிதில் பற்றும். ஆகவே இன்றைய நெறி, தேவைப்படும்போது போதிய அளவில் தந்து, பின்னர் படிப்படியாகக் குறைத்து, நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மிகாத நிலைக்குக் கொணர்ந்து, இயன்றால் முற்றிலும் நிறுத்துவது. குறைப்பது மருத்துவர் கையில் இருக்கவேண்டும். சில வாரங்களுக்கு மேல் இம்மருந்தை உண்டவரின் அண்ணீரகச் சுரப்பி தன் பணியை ஓய்த்திருக்கும். திடீரென நிறுத்தினால் குருதியழுத்தம் சரிந்து உயிருக்கே இடராகும். முகம் பருக்கிறதே என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தும் இளம்பெண்களின் வருத்தம் உண்மையானது. அதனை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால், அளவைக் குறைக்க உதவும் வேறு மருந்துகள் உண்டு.

அவ்வேறு மருந்துகளே காப்புத்தணிப்பிகள். மூட்டுக்கும் தோலுக்கும் மெத்தோட்ரெக்சேட்டு, பொதுநிலையில் அசாத்தியோபிரின், சிறுநீரகத்துக்கு மைக்கோபீனோலேட்டு அல்லது சைக்ளோபாசுபமைடு எனப் பயன்படுகின்றன. இயங்குமுறையின் குறித்த ஒரு கண்ணியை மட்டும் தாக்கும் மருந்துகள் அண்மைக்காலத்தவை. பி உயிரணுக்களின் வாழ்வை நீட்டிக்கும் புரதத்தைத் தடுக்கும் பெலிமுமாபு 2011இல் ஒப்புதல் பெற்றது; 1955க்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துச் செம்முருட்டுக்கென வந்த முதற் புதுமருந்து அது. இன்டர்பெரானின் வாயிலை அடைக்கும் அனிபுரோலுமாபு 2021இல் வந்தது.

நாளாந்த வாழ்வில் முதலிடம் வெயிற்காப்புக்கு. புற ஊதாக் கதிர் தோலின் உயிரணுக்களைக் கொல்ல, அவற்றின் எச்சம் பெருக, வட்டம் மீண்டும் சுழலத் தொடங்குகிறது. தோலில் பட்ட வெயில் சிறுநீரகத்தில் கிளர்வாக எழக்கூடும் என்பது இதனால் விளங்கும். முற்பகல் பத்து மணிமுதல் பிற்பகல் நான்கு மணிவரை நேர்வெயிலைத் தவிர்த்தல், முழுக்கை ஆடை, அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது குடை, காப்பெண் 30க்குக் குறையாத, இயன்றால் 50 உடைய வெயில்காப்புக் களிம்பை வெளியில் இருக்கும்போது இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூசுதல் ஆகியன வேண்டும். பேருந்தின் கண்ணாடிச் சாளரம் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியையே தடுக்கும். சாளரத்தோர இருக்கை காப்பாகாது. வெயிலைத் தவிர்ப்போருக்கு வைட்டமின் டி குறையும் என்பதால் அதனை அளந்து ஈடுசெய்ய வேண்டும். புகைபிடித்தல் நோயைக் கிளர்த்துவதோடு, ஐட்ராக்சிகுளோரோகுயினின் பயனையும் குறைக்கிறது.

உணவில் பெரிய விலக்கு ஏதும் இல்லை. சிறுநீரகமோ குருதியழுத்தமோ தாக்குண்டிருந்தால் உப்பைக் குறைக்கவேண்டும்; குதிரைமசால் முளை கிளர்வைத் தூண்டவல்லது என்பதால் விலக்கவேண்டும். ஆனால் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் எனக் கூறி விற்கப்படும் பொடிகளையும் சாறுகளையும் பற்றி எச்சரிக்கை வேண்டும். இந்நோயில் குறை ஆற்றலின்மையன்று, ஆற்றலின் திசைமாற்றம். உற்றார் அன்போடு கொணரும் எந்தப் பொடியையும் மருத்துவரிடம் காட்டாமல் உண்ணலாகாது.

காய்ச்சல் எழும்போது அது கிளர்வா, தொற்றா என்னும் வினா எழுகிறது. இது செம்முருட்டு மருத்துவத்தின் மிக நுண்ணிய இடம்; ஏனெனில் ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றை வளர்க்கும். கிளர்வில் வெள்ளணுக்களும் நிரப்புப் புரதங்களும் குறைவது மிகுதி. அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதம் பெரிதும் உயர்வதில்லை. நுண்ணுயிர்த் தொற்றிலோ அது விரைந்து உயர்கிறது. நெஞ்சுறை அழற்சியோ மூட்டழற்சியோ உள்ள கிளர்வு இதற்கு விலக்கு; அதிலும் அப்புரதம் உயரலாம். எவ்வாறாயினும், காப்புத்தணிப்பி உண்பவருக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டிலிருந்த பழைய மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது தகாது. அன்றே மருத்துவரை அடையவேண்டும். சல்பா இன நுண்ணுயிர்க்கொல்லிகள் கிளர்வைத் தூண்டவல்லன ஆகையால், புதிய மருத்துவர் எவரிடமும் தன் நோயின் பெயரை முதலில் சொல்லவேண்டும். சளிக்காய்ச்சல், நுரையீரல் அழற்சி ஆகியவற்றுக்கான உயிரற்ற தடுப்பூசிகள் நன்மை தருவன. உயிருள்ள தடுப்பூசிகளைக் கடுமையான காப்புத்தணிப்பின்போது விலக்கவேண்டும்.

குடும்பத்தார்க்கு ஒன்று சொல்லவேண்டும். இந்நோயின் சோர்வு, ஆய்வுத்தாள் அனைத்தும் நன்றாக இருக்கும் நாளிலும் இருக்கக்கூடும். தோற்றத்தில் நலமாகக் காணும் பெண் நண்பகலில் படுத்தால் அது சோம்பலன்று. தணிவுக் காலத்தில் அளவான, ஒழுங்கான உடற்பயிற்சி இச்சோர்வைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு.

மகப்பேறு பற்றிய அச்சம் நம்மிடையே பெரிது. செம்முருடு உடையவள் தாயாகலாகாது என்பது பழங்கால முடிவு. இன்றைய முடிவு, திட்டமிட்டுத் தாயாகலாம் என்பது. கருவுறுமுன் ஆறு திங்களேனும் நோய் தணிந்திருக்கவேண்டும். மைக்கோபீனோலேட்டும் சைக்ளோபாசுபமைடும் மெத்தோட்ரெக்சேட்டும் கருவுக்கு ஊறு செய்வன ஆதலின் முன்னரே மாற்றப்பட வேண்டும்; அசாத்தியோபிரினும் ஐட்ராக்சிகுளோரோகுயினும் கருக்காலம் முழுதும் தொடரத்தக்கன. குறைந்த அளவு ஆசுப்பிரின், சூல்நஞ்சு எனப்படும் கருக்கால உயர்குருதியழுத்தத்தைத் தடுக்கத் தரப்படுகிறது. பாசுபோலிப்பிட்டு எதிர்ப்பொருள்கள் உள்ளனவா என்பதும் அறியப்படவேண்டும். பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை அவை நேர்முடிவு காட்டி, முன்பு குருதிக்கட்டியோ மீண்டும் மீண்டும் கருச்சிதைவோ நேர்ந்திருந்தால், குருதி உறைவதைத் தடுக்கும் ஊசியும் சேர்க்கப்படும். தாயிடம் ரோ என்னும் தன்னெதிர்ப்பொருள் இருந்தால், சேயின் நெஞ்சத்துடிப்பைக் கடத்தும் தசையிழை தாக்குறும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு. இவ்வாய்ப்பைக் கருதிப் பதினாறாம் வாரமுதல் இருபத்தாறாம் வாரம்வரை சேயின் நெஞ்சத்தைக் கேளா ஒலிக்கருவியால் பார்ப்பர். ஈசுட்ரோசன் கலந்த கருத்தடை மாத்திரைகள், பாசுபோலிப்பிட்டு எதிர்ப்பொருள் உடையோருக்கும் நோய் கிளர்ந்திருப்போருக்கும் ஆகா. வேறு வழிகள் உள்ளன.

இத்தனை முன்னேற்பாடும் கணவரும் இல்லத்தாரும் அறிந்தால்தான் நடக்கும். மணப்பேச்சில் நோயை மறைத்துவிட்டு, மணமானபின் மாத்திரையை மறைத்துண்ண நேர்ந்து, பின்னர் அதனையும் விட்டுக் கிளர்வோடு மருத்துவமனைக்கு வரும் பெண்ணின் நிலை தவிர்க்கத்தக்க துன்பம். நோயை ஒளிக்கச் சொல்லும் வீடுகளே அதற்குப் பொறுப்பு, அப்பெண் அல்லள்.

நீண்ட ஆண்டுகளில் மற்றோர் இடர் சேர்கிறது. அழற்சி குருதிக்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்வதால், இளம் அகவைப் பெண்களுக்கும் மாரடைப்பு நேரலாம். குருதியழுத்தம், கொழுப்பு, சருக்கரை ஆகியவற்றைப் பிறரினும் கண்டிப்பாக அளந்து காக்கவேண்டும்.

அறிவியலின் அண்மை எல்லையைக் கூறி முடிக்கலாம். 2021இல் செருமனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில், எந்த மருந்துக்கும் அடங்காத செம்முருடு கொண்ட இளம்பெண் ஒருத்தியின் டி உயிரணுக்கள் எனப்படும் வெள்ளணுக்களைக் குருதியினின்று பிரித்து, பி உயிரணுக்களை மட்டும் கண்டறிந்து அழிக்கும் புதிய உணரியை அவற்றில் பொருத்தி, மீண்டும் உடலில் செலுத்தினர். புற்றுநோய்க்கென வகுத்த முறை இது. 2022இல் அவ்வாறு பண்டுவம் பெற்ற ஐவரைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது: மூன்று திங்களில் ஐவரும் தணிவை எட்டினர், வேறு மருந்து எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஏறத்தாழ நூற்றுப்பத்து நாள்களில் அவர்களின் உடலில் பி உயிரணுக்கள் மீண்டும் தோன்றின; ஆனால் அவை முன்னர் எந்தப் பொருளையும் எதிர்கொண்டிராத புத்தம் புதியவை; மீண்டபின்னும் நோய் திரும்பவில்லை. பிழையைக் கற்றிருந்த உயிரணுக்கள் நீங்கியபின் காப்பாற்றல் தன் பாடத்தை முதலிலிருந்து கற்கத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள். கடுமையான பக்கவிளைவுகளும் பெருஞ்செலவும் உடைய இம்முறை, பிற மருந்துகளுக்கு அடங்காதோரிடம் மட்டும் இப்போது பல நாடுகளில் ஆராயப்பட்டு வருகிறது.